துணைக்கு வந்தவர்

உட்காருங்க, கூப்பிடுறோம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் திரும்பிக்கொண்டாள். உட்காருவதற்காகத்தான் காங்கேயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததுபோல. துளசிமணி உட்கார்ந்தாள். வரிசையாகச் சேர்த்து முடுக்கிய இரும்பு நாற்காலிகள். கோடியில் யாரோ காலை ஆட்ட, இவள் இடுப்பும் சேர்ந்து ஆடியது. மனசு சரியில்லாமல் வருகிறவர்களை உட்கார வைக்கிற இடத்தில் ஆடாத நாற்காலியாகப் போடக் கூடாதா, கட்டினவனுக்கு அது கூடத் தோன்றாதா. கீழே எலும்பு டாக்டருக்கு மெத்தை நாற்காலி, மீன்தொட்டி, குடிக்கச் சுடுதண்ணீர். மனசுக்கு மூன்றாவது மாடி. லிஃப்டை விட்டு இறங்கி, ரத்தம் எடுக்கிற இடத்தைத் தாண்டி, துருப்பிடித்த கட்டில்களை அடுக்கி வைத்திருக்கிற நடையைத் தாண்டி, கோடியில். ஒளித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களும் ஒளிந்துகொண்டுதான் வருகிறோம், ரொம்பப் பொருத்தம். பக்கத்தில் குழந்தைவேல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள். "தலை சுத்துதா?" "இல்லீங்க." "சுத்துனாச் சொல்லு. என்ற மேல சாஞ்சுக்கோ." இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் சாய்ந்துகொள்ளச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதையும் பொய் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தலை சுற்றவில்லை. சித்திரை வெயிலில் தேங்காய்க் களத்தில் பகல் பூராவும் குந்தியிருந்து பருப்புத் தோண்டும்போது கூடச் சுற்றாத தலை. எனக்கு என்னவோ படபடன்னு வருதுங்க, காரணமில்லாமப் பயமா இருக்குது, டவுன்ல ஒரு டாக்டரைப் பார்க்கோணும், தனியாப் போக முடியாது, துணைக்கு வாங்க என்று அவரிடம் சொன்னது அத்தனையும் பொய். நோய் அவருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலாக அவருக்கு. அவரை ஒரு மனநல டாக்டர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்க வேறு வழி தெரியவில்லை, அதனால் நோயைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவரைத் துணைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அதிலும் என்ன கோபம் என்றால், அவர் வந்துவிட்டார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உனக்கா, உனக்கு என்ன கேடு, உலக்கை மாதிரி இருக்கிறாய் என்று சொல்லியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னதும் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றார். போலாம். இன்று விடிவதற்கு முன்னால் எழுந்து அவரே அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார். ஒரு வருஷமாக முகம் கழுவச் சொன்னால் கூட, ம் என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். பஞ்சர் கடையைத் திறக்கச் சொல்லிச் சொல்லி இவள் தொண்டை வற்றிப்போய், கடைசியில் காற்றடிக்கிற மெஷினைக் கடன்காரன் தூக்கிப்போனபோதும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இன்றைக்கு எழுகிறார், வெந்நீர் போடுகிறார், பையில் இவளுக்கு இரண்டு சேலை மடித்து வைக்கிறார், சீப்பு வைக்கிறார், சோப்பைக் காகிதத்தில் சுற்றி வைக்கிறார், பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்துத் தருகிறார். அப்படியென்றால் முடியும்தானே உனக்கு? முடிந்திருக்கிறதுதானே? அப்புறம் என்ன கேட்டுக்கு இத்தனை நாள் என்னைப் போட்டு வதைத்தாய் என்று பஸ்ஸிலேயே சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது. உடனே இன்னொரு நினைப்பும் வந்தது: நான் நோயாளியாகவே இருந்துவிட்டால் இவர் நன்றாக ஆகிவிடுவாரோ. தினம் எனக்குத் தலை சுற்றினால் தினம் எழுந்து வெந்நீர் போடுவாரோ. அதற்கும் மேல் கோபம் வந்தது. நான் விழுந்தால்தான் இந்த வீட்டில் ஒருத்தர் எழுந்திருக்க முடியும் என்றால் அது என்ன வீடு. அவர் மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் அவருக்குத் தெரியாமல் இரண்டு லுங்கியும் சட்டையும் பல் விளக்குகிற பிரஷும் திணித்து வைத்திருக்கிறாள். அதைத்தான் அவர் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தன்னையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று தெரியாமல். அப்பாவி. இந்த அப்பாவித்தனத்தைப் பார்த்தால் அழுகை வர வேண்டும், அவளுக்கு எரிச்சல்தான் வருகிறது.

காரணம் கேட்கிறார்கள். எல்லாரும் காரணம் கேட்கிறார்கள். கடனா என்கிறார்கள், கடன் அப்புறம் வந்தது. யாராவது ஏமாத்திட்டாங்களா என்கிறார்கள். கொழுந்தனுக்குக் கேட்கவே தெரியாது, முடிவுதான் சொல்லத் தெரியும்: "அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது அண்ணி, அதான் இப்படி. நாலு பேரோட சேர்ந்து வாரம் ஒருக்காத் தண்ணியடிச்சிருந்தா மனசுல ஒண்ணும் தங்காது." இவன் மனசில் எதுவும் தங்காதது ஊருக்கே தெரியும், கட்டினவளும் தங்கவில்லை. மகள் சுகுணா பல்லடத்திலிருந்து போன் பண்ணி, மாமியார் காதில் விழாமல் இருக்கச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அப்பாவ ரொம்ப யோசிக்க வேண்டாம்னு சொல்லும்மா என்கிறாள். சொல்லுகிறேன் சாமி, சொன்னதும் நிறுத்திவிடுவார். காரணம் ஒன்றும் இல்லை, அதுதான் பெரிய கொடுமை. ஒருநாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார், ஏனுங்க என்றதற்கு என்னவோ மாதிரி இருக்குது என்றார். அந்த என்னவோ மாதிரி இன்னும் போகவில்லை. சோறு பாதியானது, பேச்சு பாதியானது, பாதியிலும் பாதியானது. ஐந்தாவதுக்கு மேல் படிக்காத அவளுக்கு அதற்குப் பெயர் தெரியாது, ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போன மாசம் அவர், உங்க கெணத்துல இப்பத் தண்ணி எவ்வளவு கெடக்குதுங்க என்று கேட்டாரே, அது என்ன கேள்வி என்று தெரியும். தோட்டத்துக்காரர் மழையைப் பற்றிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு பதில் சொன்னார். துளசிமணி கையிலிருந்த புல்லுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து, வாங்க ஊட்டுக்கு என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தோட்டத்துக்காரர் பொண்டாட்டி சிரித்தாள். இந்த வயசுல என்ன அவசரம் துளசி என்றாள். சிரி. நீ நன்றாகச் சிரி.

கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு படம், குடும்பம் ஒன்று வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறது, கீழே காப்பீட்டு அட்டை இங்கே ஏற்றுக்கொள்ளப்படும் என்று எழுத்து. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். இந்த ஒரு வரிக்காக எத்தனை ஆஸ்பத்திரிப் படி. அட்டை கையில் இருக்கிறது, ஊருக்கு முகாம் போட்டுப் படம் பிடித்துக் கொடுத்த அட்டை, இருதயத்துக்கு ஆகும், சிறுநீரகத்துக்கு ஆகும், இடுப்பு எலும்பை மாற்றி வைக்க ஆகும். முதலில் அவளே தப்புப் பண்ணினாள். மனசுக்கு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் வரும், எல்லாரும் நரம்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள், சொன்னால் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும், நரம்பா, ஓ, நரம்பா என்று குரலை இறக்குவார்கள். அப்படித்தான் அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் போய், நரம்புங்க, ரொம்ப நாளா நரம்புத் தொந்தரவுங்க என்றாள். அவர்கள் குரலை இறக்கவில்லை. நிஜமாகவே நரம்பு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். நரம்பு என்றால் அட்டை என்னமாய்ப் பாய்கிறது! ஒரு கேள்வி இல்லை, அவரைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்க் குகை மாதிரி மெஷினுக்குள் விட்டுத் தலையைப் படம் பிடித்தார்கள், அத்தனையும் அட்டையிலேயே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூளை அருமையா இருக்குதுங்க, இந்த வயசுல இப்படி இருக்கறது அபூர்வம்" என்றார். துளசிமணி, இல்லீங்க டாக்டர், அவரு பேசறதே இல்லீங்க என்று ஆரம்பித்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றோடு முடிந்தது. டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார், எனக்கென்ன பைத்தியமா என்று இவர் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் பீரோ மேலே கிடக்கிறது, அருமையான மூளை. ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லியிருந்தால். மனசு என்று மூன்றெழுத்து. சொல்லியிருந்தால் ஏழெட்டு மாசம் மிச்சமாகியிருக்கும். சொல்ல விடாமல் வாயை அடைத்தது யார், அவளா அடைத்துக்கொண்டாள், அவளுடைய அப்பன் அடைத்தானா, ஊர் அடைத்ததா.

காசில்லாமல் பார்க்கிற அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கும் ஒருதரம் கூட்டிப் போனாள். மாத்திரை வாங்கித் தா புள்ள, எனக்குத் தூக்கம் பிடிச்சாப் போதும் என்று அவரே சொன்ன ஒரு நல்ல நாளில். அங்கே கூட்டம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊர்ப்பட்ட சனத்துக்கு இரண்டு டாக்டர். வரிசை நகர நகர இவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் சீட்டு வாங்கத் திரும்பின நேரத்தில் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டில், ஊர்ப் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார், கூட்டம் ஆவறதில்ல புள்ள என்றார். அதுவரைக்கும் ஓடித் தேடின நேரத்தில் அவள் என்னென்ன பார்த்துவிட்டாள், தண்டவாளம், பாலம், எல்லாம். அப்புறம், களத்துக்குப் போகிற நாள் மாதிரியே அவரைக் கொழுந்தன் காவலில் விட்டுவிட்டு, தனியாகவே அலைந்தாள். களத்தில் சொந்தக்காரர் சாவு, வளைகாப்பு, சீர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி லீவு போட்டுவிட்டு அலைந்தாள். ஒரு ஆஸ்பத்திரியில், எங்ககிட்ட மனசு டாக்டர் இருக்காருங்க, அட்டைதான் அந்தப் பிரிவுக்குக் கிடையாது. இன்னொன்றில், அட்டை உண்டுங்க, டாக்டர்தான் போன மாசத்தோட நின்னுட்டார். மூன்றாவதில் கழுத்துப்பட்டை கட்டின ஒருத்தன், காப்பீட்டு மேசைக்காரன், பப்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னானே அது. "மருந்து கிருந்து குடிச்சிருந்தாருன்னாச் சொல்லுங்க்கா, எமர்ஜென்சில போட்டு அட்டையில எடுத்துக்கலாம். சும்மா மனசு சரியில்லைன்னா எங்ககிட்ட அட்டை ஆவாது." துளசிமணிக்குக் கேட்டது சரிதானா என்று ஒரு நிமிஷம் ஆயிற்று. "அப்பக் குடிச்சுப்போட்டு வரச் சொல்றியா?" "ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க. இருக்கறதச் சொன்னேன்." "இல்ல கண்ணு, நல்லாச் சொல்லு, எதக் குடிச்சா உங்க அட்டைக்கு ஆவும்? தென்னைக்கு வெக்கற மருந்து ஆவுமா, எலி மருந்து ஆவுமா? பேரைச் சொல்லு, வாங்கி வெச்சுக்கறேன்." சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பப்ஸ் துணுக்கைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டான். குடித்த பிறகு வா. விழுந்த பிறகு வா. உடைந்தால் காசு, உடையப் போகிறது என்றால் ஒன்றுமில்லை. டயரே என்றாலும் பஞ்சர் ஆன பிறகுதான் ஒட்ட முடியும் என்று இவர் சொல்வார், ஆனால் தேய்ந்த டயரோடு வருகிறவனை இவர் ஒருநாளும் சும்மா அனுப்பியதில்லை, இதோட தாராபுரம் வரைக்கும் போயிடாதீங்க சாமி என்று கையைப் பிடித்து நிறுத்துவார். அப்படிப்பட்ட ஆளை நிறுத்த ஆளில்லை.

கடைசியில் இந்த ஆஸ்பத்திரியைச் சொன்னது களத்துக்கு லோடு ஏற்ற வருகிற லாரிக்காரர். தன் தம்பியை இங்கே வைத்துப் பார்த்ததாகவும், அட்டையிலேயே பார்த்தார்கள் என்றும், ஆனால் பெட்டில் சேர்த்தால்தான் அட்டை செல்லும், வந்து பார்த்துவிட்டுப் போவதற்குச் செல்லாது என்றும் சொன்னார். சொல்லும்போது அவரும் குரலை இறக்கினார், நரம்புதான் அக்கா என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கா, அவருக்கா?" நாற்காலி வரிசையின் கோடியில் இருந்த பெண்பிள்ளை கேட்டாள், காலை ஆட்டிக்கொண்டிருந்தது இவள்தான். தடித்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருந்தாள், மடியில் தூக்குப் போசி. துளசிமணி பதில் சொல்லுமுன் குழந்தைவேல், "இவளுக்குத்தானுங்க" என்றார். "பார்த்தாத் தெரியலியே." "பார்த்தாத் தெரியற மாதிரி இருந்தாக் கீழ எலும்பு டாக்டர்கிட்டயே போயிருப்பமல்ல" என்றாள் துளசிமணி. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். "அதுவும் சரிதான். நான் என்ற அண்ணனுக்கு வந்திருக்கறேன், உள்ளே பேசிட்டிருக்குது. நாலாவது தடவை. முன்னெல்லாம் பஸ்ஸுல வரும்போதே எறங்கி ஓடும், இப்ப அதுவே சீட்டு எடுக்குது." குழந்தைவேல் முன்னால் சாய்ந்து கேட்டார். "நல்லாயிருதுங்களா?" அவர் ஒரு அன்னியரிடம் கேள்வி கேட்கிறார். "நல்லாவுதுங்க. டப்புனு ஆவாது. ஒருநா நல்லாருக்கும், ஒருநா நம்ம உசுர எடுக்கும். நீங்க பயப்படாதீங்க அண்ணா, அக்காவப் பார்த்தா எதையும் தாங்கற கட்டையாத்தான் தெரியுது." "தாங்குவாளுங்க" என்றார் குழந்தைவேல். "அதான் பயமா இருக்குது." என்ன அர்த்தம் அதற்கு என்று துளசிமணி திரும்பிப் பார்த்தாள், அவர் மறுபடியும் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். தாங்குவாளாம். தாங்குவேன், வேறு என்ன செய்வது, போட்டுவிட்டுப் போக நான் என்ன நீயா. நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், வாயால் சொல்லவில்லை என்றாலும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், சாமி, அந்த நினைப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

"காங்கேயம் யாருங்க?" கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், ஊரைச் சொல்லு கண்ணு என்று துளசிமணி முதலிலேயே கெஞ்சி வைத்திருந்தாள். "கார்டுக்கு போட்டோ எடுக்கோணும், பேஷண்ட் மட்டும் கேமரா முன்னால வந்து நில்லுங்க." இதோ வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன கேமராவைப் பற்றி லாரிக்காரர் சொல்லவில்லை. குழந்தைவேல் எழுந்து அவள் முழங்கையைத் தொட்டு, "போ புள்ள, நில்லு, மெல்ல" என்றார். அவள் முகம் பதிந்தால் அவள் பெயரில் ஏறிவிடும், அப்புறம் அவரைச் சேர்க்க முடியாது. அவர் முகம் பதிய வேண்டும், அவருக்குத் தெரியவும் கூடாது. காலுக்குக் கீழே தரை நழுவினது போல இருந்தது, ஒருவேளை தலை சுற்றுவது என்பது இதுதானோ. "குடும்பத் தலைவர்தான் நிக்கோணுமாமாங்க" என்றாள் அவரிடம். "இல்லீங்க்கா, பேஷண்ட்தான்..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். துளசிமணி கண்ணாடியில் முகம் முட்டுகிற மாதிரி குனிந்தாள். "அம்மிணி. அட்டை யாரு பேர்ல இருக்குதோ அவருதானே நிக்கோணும்?" கேட்டது கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், பின்னால் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். "ஆமாங்க. ஐயா, நீங்க வாங்க." அவ்வளவுதான், ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பேர் இப்படித் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு வந்து இந்தக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தால் இவளுக்கு இது இவ்வளவு பழகியிருக்கும். குழந்தைவேல் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டையின் மேல் பித்தானைப் போட்டு, தலைமுடியைக் கையால் படிய வைத்து நின்றார். கேமராவைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். குடும்பத் தலைவர். எவ்வளவு இளைத்துவிட்டார், சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் போகும். "முடிஞ்சுதுங்க. போய் உட்காருங்க." அவர் நகர்ந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, டாக்டர் அட்மிஷன் எழுதிக் கொடுத்தாத்தான் கார்டு ஏறும். அதுக்கு அவரே இருக்கறேன்னு சொல்லோணும். நாமளாப் போட முடியாது." "அவரே சொல்லோணுமா?" "ஆமாங்க." "என்னன்னு?" "தனக்கு முடியலைன்னு." துளசிமணி சிரித்தாள், சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது சொல்ல முடிந்தால் நான் எதற்கு இப்படி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறேன். நோயே அதுதானே, சொல்ல முடியாததுதானே நோய். அதைச் சொன்னால்தான் வைத்தியமாம். காலொடிந்தவனை மாடிக்கு நடந்து வா, கட்டுப் போடுகிறேன் என்கிறார்கள். யாரை அடிப்பது, இந்தப் பெண்ணையா, இவள் பாவம் நல்ல பிள்ளை.

போசிக்காரியின் அண்ணன் வெளியே வந்தான், ஒட்ட வெட்டின தலை, சின்னப் பிள்ளை மாதிரி தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு காங்கேயம் என்றாள். உள்ளே டாக்டர் பெண். துளசிமணி வயசுதான் இருக்கும், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது, மேசையில் மூடி போட்ட டம்ளரில் ஏதோ கஷாயம். இவளுக்கே உடம்பு சரியில்லை, இவள் என்னத்தைப் பார்ப்பாள். "உட்காருங்க. யாருக்கு?" என்றாள் டாக்டர். துளசிமணி இந்த இடத்துக்குத் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மனப்பாடம் செய்தது, எனக்குத்தானுங்க, ஆனா எங்கூட்டுக்காரரையும் கொஞ்சம் பாருங்க என்று பக்குவமாக ஆரம்பிப்பது. வாயைத் திறந்தால் வரவில்லை. அத்தனை மாசமாக எல்லாக் கவுண்டரிலும் கத்தின வாய், இங்கே காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் தேங்காய்த் தோல் கறுப்பு. அப்போது குழந்தைவேல் பேசினார்.

"இவளுக்குத்தானுங்க. ஒரு வருசமா இவ சரியில்லீங்க. சொல்ல மாட்டா, நான் சொல்றேன். முன்னெல்லாம் நல்லாச் சிரிப்பா, இப்ப எதுக்கெடுத்தாலும் கத்தறா. சோத்தப் போட்டுட்டு அவ திங்க மாட்டா, என்ற மூஞ்சியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. நான் வாசலுக்குப் போனா வாசலுக்கு வர்றா, தோட்டத்துக்குப் போனாத் தோட்டத்துக்கு வர்றா. குளிக்கற ரூமுத் தாழ்ப்பாள ஸ்க்ரூ டிரைவர் போட்டுக் கழட்டி எங்கியோ ஒளிச்சு வெச்சுட்டாளுங்க. நான் உள்ள இருந்தா வெளியில நின்னு, இருக்கறீங்களா இருக்கறீங்களான்னு கேட்டுட்டே இருக்கறா. இருக்கறேன் இருக்கறேன்னு சொல்லிட்டே குளிக்கறேன்." டாக்டர் சிரிக்கவில்லை, எழுதவும் இல்லை. "தூங்கறாங்களா?" "எங்கீங்க. படுத்திருப்பா, கண்ண மூடியிருப்பா, தூங்கறதில்ல. என்ற துணி முந்திய அவ வெரல்ல சுத்திக்கறா, நான் எந்திரிச்சாத் தெரியோணும்னு. விடியற வரைக்கும் அப்படியேதான்." "விடியற வரைக்குமா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குழந்தைவேல் தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். துளசிமணிக்கு முகம் கொதித்தது. எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லு மாதிரி கிடந்துகொண்டே அவள் செய்த ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், அவள் அவரைக் காவல் காத்த நேரமெல்லாம் அவர் அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், இருவரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டு, தூங்குவது போல நடித்துக்கொண்டு. ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா. "நான் முழிச்சுத்தானுங்களே இருக்கறேன்" என்றார் குழந்தைவேல் மெதுவாக, ஏதோ திருடியதைச் சொல்கிற மாதிரி. டாக்டர் தும்மி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் போல அவர் பக்கமாகத் திருப்பினாள். "எவ்வளவு நாளாங்க?" அவர் துளசிமணியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பொறுக்கவில்லை, அனுமதி கேட்கிற பார்வை. "என்னைய எதுக்குப் பார்க்கறீங்க? கேக்கறாங்கல்ல, சொல்லுங்க. சொல்லித் தொலையுங்க" என்றாள், கத்தியே விட்டாள். கத்தியதும், இதோ இப்படித்தான் கத்துவாளுங்க என்று சொல்லுவாரோ என்று தோன்றியது. அவர் சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இவ இல்லாத நேரமாப் பார்த்துப் போயிரலாம்னு இருந்தேனுங்க" என்றார். "இவ என்னையத் தனியா உட்டுட்டு எங்கியும் போவே மாட்டேங்கறா."

டாக்டர் மேசை மணியை அடித்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸிடம், "இன்சூரன்ஸ்ல சொல்லி ஒரு பெட் எடுத்து வெக்கச் சொல்லுங்க. பேரு அப்புறம் சொல்றேன்" என்றாள். அவள் பேசியதில் அவசரமோ பரிதாபமோ இல்லை, களத்தில் மூட்டை எடுத்து வைக்கச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு, "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க. உங்களையும் கூப்பிடறேன். தனியாக் கூப்பிடறேன்" என்றாள். வெளியிலா? துளசிமணி எழுந்திருக்கவில்லை. நானா வெளியே, கொண்டுவந்து சேர்த்தவள் நான், பொய் சொன்னவள் நான், நான் எதற்கு வெளியே. குழந்தைவேல் தலையைத் தூக்காமல், "போ புள்ள" என்றார். "இங்கதான இருக்கப் போறேன்."

வெளியே வந்தாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து யாரோ கொண்டி போடுகிற சத்தம், டக்கென்று. கை தானாகப் போய்க் கதவில் பதிந்தது, வாய் தானாகத் திறந்தது, இருக்கறீங்களா என்று கேட்கிறதுக்கு. நடையில் போசிக்காரி நின்று அண்ணனுக்குச் சட்டை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டே இவளைப் பார்த்தாள். துளசிமணி காதைக் கதவில் வைத்தாள். பேச்சு கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் புரிந்தது, அவர் குரல்தான், நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. விட்டு விட்டு, இருமி, மறுபடியும். இத்தனை பேச்சு உள்ளே இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக எனக்குக் கொடுக்காத பேச்சு, சோறும் தண்ணியும் கொடுத்துக் காத்துக் கிடந்தவளுக்குக் கொடுக்காத பேச்சு, முன்னே பின்னே தெரியாத ஒருத்தியிடம், மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அள்ளிக் கொட்டுகிறார் மனுஷன். வரட்டும், வெளியே வரட்டும், வைத்துக்கொள்கிறேன். உட்காருங்கம்மா என்றாள் நர்ஸ். "எனக்கு உட்காரத் தெரியும், நீ உன்ற வேலையப் பாரு" என்றாள் துளசிமணி. உட்காரவில்லை. ஆனால் காதைக் கதவிலிருந்து எடுத்தாள். எடுத்து, இரண்டடி தள்ளி, எதிர்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.